அம்பு போட்ட வழியில் மூணாம் நாள்

சேகரு,

உன் கடுதாசி செவ்வாக்கிழமை வந்தது. நம்ம சைக்கிள் கடையில ஒரு வாடகை வண்டிக்கு பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் சொலுஷன். "நான் வேணா பிரிச்சுப் படிக்கட்டுமாக்கா?"ன்னு தபால்காரர் கேட்டார். வேணாம்பா, என் பிள்ளை கடுதாசியைப் படவேடு மொத்தமும் கேக்கணுமா இன்னான்னு சொல்லி வாங்கி வெச்சுட்டு, கை கழுவிட்டு வந்து ரெண்டு தரம் படிச்சேன். துபாய் வேலை உறுதியாய்டுச்சுன்னு எழுதியிருக்கே. சந்தோஷம். மூணு வருஷம் வர முடியாதுன்னும் எழுதியிருக்கே. அதைப் படிச்சதும் அழுகை தான் வந்தது. அழுதுட்டு, மறுபடி உக்காந்து அந்த பஞ்சரை முடிச்சேன். போறதுக்கு முன்னாடி சிநேகிதங்க ரெண்டு பேரோட ஜவ்வாது மலையை அஞ்சு நாள் சைக்கிள்ல சுத்தப் போறேன், வேலூர்ல எங்க சைக்கிள் சங்கத்துக்காரங்க பாறைக்குப் பாறை மஞ்சள் அம்பு போட்டு வெச்ச வழியிலயே போறோம்னு திட்டம் எழுதி அனுப்பி, "பாத்துட்டு குறை இருந்தா சொல்லும்மா"ன்னு கேட்டிருக்கே. கேட்டுட்டே இல்ல, சொல்றேன். கொஞ்சம் நீளமா தான் போவும், உக்காந்து படி.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு உன் சிநேகிதங்க கிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பே. தெரியாது தான். உங்கப்பா இருந்த வரைக்கும் கடையில வண்டி குடுத்து வாங்கிக்கிட்டு இருந்தேன், அவர் போன பிறகு ஸ்பேனரைப் பிடிச்சேன், வண்டி மேல ஏறணும்னு மட்டும் இன்னி வரைக்கும் தோணலை. ஆனா மலைக்குப் போற வண்டி எந்த லட்சணத்துல திரும்பி வரும்னு இங்க உக்காந்தே பாத்தவ நான். உன் திட்டத்துல முதல் நாள் வேலூர்லேர்ந்து கண்ணமங்கலம் வழியா நம்ம வூடு. அது சரி, கால் பழகறதுக்கு ஆச்சு. ரெண்டாம் நாள் சந்தவாசல், போளூர், அப்புறம் மலையேறி ஜமுனாமரத்தூர். அதுக்கு இருட்டு பிரியறதுக்கு முன்னாடி கிளம்பணும். போளூர்ல இட்டிலி தின்னுட்டு 'சித்த நேரம் சாயலாம்'னு எவனாவது சொன்னா காதுல வாங்காதே. வைகாசி வெயில்ல உச்சி நேரத்துக்கு மலையடிவாரம் போனா கைப்பிடியைத் தொட முடியாது. ஏத்தத்துல மல்லுக்கட்டாதே, இறங்கித் தள்ளு. "ஏத்தத்துல நீ வண்டியைத் தள்ளு, எறக்கத்துல வண்டி உன்னைத் தள்ளும்"னு உங்கப்பா வாடகைக்கு எடுக்கறவங்க கிட்டல்லாம் சொல்வாரே, ஞாபகம் இருக்குதா.

எறக்கத்துக்கு தான் எனக்கு பயம். பிரேக் கட்டை எல்லாத்தையும் புதுசா மாத்திடு, பழசே ஓடும்னு கஞ்சத்தனம் பண்ணாதே. பிரேக்கைப் பிடிச்சது பிடிச்சபடி இறங்காதே, விட்டு விட்டுப் பிடி. மலைக்காரங்க பலாப்பழ மூட்டையோட இறங்கறப்ப கேரியருக்குப் பின்னால ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கிட்டு வருவாங்க, வண்டி பிச்சுக்கிட்டு ஓடாது. பாக்க சிரிப்பா தான் இருக்கும், ஆனா பல்லு தப்பிக்கும். பம்பு, டயர் லீவர், உப்புத்தாள், ரப்பர், சொலுஷன் எல்லாம் எழுதியிருக்கே, காத்து இறங்காம பிடிக்கற வால் டியூப் மட்டும் எழுதலை. ஒன்பதாவது படிக்கறப்ப நம்ம கடை வண்டியை எடுத்துக்கிட்டு அமிர்திக்குப் போய், வால் டியூப் போய், பாதி வழி உருட்டிக்கிட்டு வந்தவன் நீ. அன்னிக்கு உங்கப்பா அடிக்கலை, ஒரு துண்டு வால் டியூப்பை வெட்டி உன் சட்டைப் பையில போட்டுட்டு சாப்பிடப் போய்ட்டார். இப்பவும் மறந்திருக்கே பாரு. நான் அளந்து வெட்டி இதோட வெச்சிருக்கேன், உறையைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பாத்து எடுத்துக்கோ.

'அம்பு இருக்கு, யாரையும் வழி கேக்கவே வேணாம்'னு பெருமையா எழுதியிருக்கே. அம்பை நம்பறது நல்லது தான். ஆனா பாறையில பாசி பிடிக்கும், மாடு உரசும், நம்மாளுங்க அது மேலயே சினிமா போஸ்டரும் ஒட்டுவாங்க. வழி பிரியற இடத்துல அம்பு தெரியலைன்னா ஆளைக் கேளு. கேக்கறப்ப 'இது ஜமுனாமரத்தூர் வழி தானே'ன்னு கேட்டுத் தொலைக்காதே. வெளியாளு மனசு நோகக் கூடாதுன்னு 'ஆமாங்க'ன்னுடுவாங்க, நீ எங்கயாவது காட்டுல போய் நிப்பே. 'ஜமுனாமரத்தூருக்கு எப்படிங்க போறது'ன்னு கேளு, கூடவே வந்து காட்டுவாங்க. தண்ணி எங்க கிடைக்கும்னும் அவங்களைத் தான் கேக்கணும்.

இப்ப மூணாம் நாளுக்கு வர்றேன். இவ்வளவு எழுதினதே அதுக்குத் தான். அம்பு ஜமுனாமரத்தூரைத் தாண்டி புதூர்நாட்டுப் பக்கம் போவுது. ராத்திரி அங்க தங்கிட்டு நாலாம் நாள் திருப்பத்தூருக்கு இறங்கி, அஞ்சாம் நாள் வாணியம்பாடி, ஆம்பூர் வழியா வேலூர். உங்க சங்கத்து வழி அது தான். நீ மட்டும் மூணாம் நாள் காலையில அம்பை விட்டுட்டு, ஆலங்காயம் ரோட்டுல வாணியம்பாடிக்கு இறங்கி, மறுநாள் திருப்பத்தூர்ல போய் மறுபடி அம்பைப் பிடிக்கறதா எழுதியிருக்கே. தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னு சொல்வாங்களே, அது இது தான். 'புதூர்நாடு ரோடு சரியில்லை'ன்னு பக்கத்துல எழுதி, அடிக்கோடு வேற. ரோடு சரியில்லை தான், ஜீப்பே முக்கி முனகிக்கிட்டு தான் போவும். ஆனா ரோட்டுக்கு பயந்து நீ அடிக்கோடு போட மாட்டே. அந்த வழியில உங்கக்கா வூடு இருக்கு. கோடு அதுக்குத் தான்.

ஆறு வருஷமா நீ செல்வி பேரை வாயால சொல்லலை. பால்வாடி டீச்சர் வேலை கிடைச்சு புதூர்நாட்டுப் பக்கம் போனவ, அந்த ஊர் பொன்னனையே கட்டிக்கிட்டேன்னு வந்து நின்னப்ப, 'மலைக்கு வேலைக்குத் தானேடி அனுப்பினோம்'னு கத்தினவ நான், கதவைச் சாத்தினவன் நீ. உன் கோபத்தை நான் சின்னதா பேச மாட்டேன். ஆரணியில உனக்குப் பேசி, தட்டு மாத்தற வரைக்கும் வந்த சம்பந்தம், 'அக்கா மலைக்காரனைக் கட்டியிருக்காளாமே'ன்னு ஒரே வார்த்தையில போய்டுச்சு. அந்தப் பொண்ணை உனக்குப் பிடிச்சிருந்தது. வெளிய சொல்லலைன்னாலும் பெத்தவளுக்குத் தெரியும். உனக்கு நியாயம் இருக்கு. ஆனா இன்னொண்ணும் இருக்கு. பத்தாவது பரீட்சை அப்ப காய்ச்சல்ல நீ எழுந்திருக்கவே முடியாம கிடந்தே. அவ தான் தாவணியை இழுத்துச் செருகிக்கிட்டு கடை வண்டியில உன்னை கேரியர்ல உக்கார வெச்சு சந்தவாசல் பள்ளிக்கூடத்துக்கு மிதிச்சா, பரீட்சை முடியற வரைக்கும். பொம்பளை மிதிக்க ஆம்பளை பின்னாடி உக்காந்து போறான்னு வழியெல்லாம் கேலி. நீ மூஞ்சியைத் துண்டால மூடிக்கிட்டு போவே. ஊரு பேசினது அவளைத் தான், உன் மூஞ்சி தான் யாருக்கும் தெரியலையே.

ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்குப் பொண்ணு பிறந்தது. நான் எட்டு நாள் அங்க இருந்துட்டு வந்தேன். வந்து சொல்ல வாயெடுத்தப்ப நீ சோத்துல கை கழுவிட்டு எழுந்து போய்ட்டே. இப்ப கடுதாசியில எழுதறேன், எழுந்து போனாலும் திரும்ப வந்து படிக்கத் தான் வேணும். நான் ஒண்ணும் மனசு மாறிப் போகலை. குழந்தை மூஞ்சியை ஒரு தரம் பாத்துட்டு, ஒரு அரைஞாண் கயிறைக் கட்டிவிட்டு, அதே ஜீப்புல இறங்கிடணும்னு தான் போனேன். திருப்பத்தூர்ல ஜீப் நிறையற வரைக்கும் எடுக்கலை. மேல போய்ச் சேரறப்ப பொழுது சாஞ்சுடுச்சு. ஊருக்குள்ள காலை வெக்கறேன், மேளச் சத்தம். மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டு காப்பு கட்டறாங்க. நம்ம ஊர்லயும் காப்பு உண்டு, ஆனா இங்க பஸ் வந்த பிறகு யாரு பாக்கறாங்க. அங்க அப்படி இல்லை. காப்பு கட்டறப்ப ஊருக்குள்ள யார் யார் இருக்காங்களோ, அவங்க கம்பம் இறக்கற வரைக்கும் வேற ஊர்ல ராத்தங்கக் கூடாது.

விடிஞ்சதும் பையை எடுத்துக்கிட்டு ஊர்க் கவுண்டர் கிட்ட, அவர் தான் அங்க ஊர்த் தலைவர், போய் சண்டை பிடிச்சேன். "எனக்குத் தெரியாதுங்க, நான் இந்த ஊரே இல்லை, என்னை விட்டுடுங்க"ன்னேன். அவர் கோபிக்கலை. "பகல்ல எங்க வேணாலும் போய்ட்டு வாங்கம்மா. ராத்திரிக்கு மட்டும் ஊருக்குள்ள வந்துடணுங்க"ன்னார். "பகல்ல படவேடு போய்ட்டு ராத்திரிக்குத் திரும்ப நான் இன்னா கருடனா?"ன்னு கேட்டேன். "அதுக்குத் தாங்க சொல்றேன், பேசாம பொண்ணு வூட்ல இருங்க"ன்னுட்டு வேலையைப் பாக்கப் போய்ட்டார். சாமி விஷயம், மீற பயம். ஆனா வீம்பும் போகலை. வூட்டுக்குள்ள போக மாட்டேன்னு வாசல்லயே உக்காந்தேன். பொன்னன் கயித்துக் கட்டிலைக் கொண்டாந்து போட்டு, கம்பளியை வெச்சுட்டு, "இங்க குளுருங்க, உள்ள வந்தா நல்லது"ன்னு மட்டும் சொன்னார். செல்வி தட்டுல சாமை சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டாந்து வெச்சா. காப்பு நேரத்துல அங்க தாளிக்க மாட்டாங்க, குழம்பு வெறும் புளித் தண்ணி மாதிரி இருந்தது. நான் அவளைப் பாக்கலை, அவ என்னைப் பாக்கலை. ரெண்டு நாள் இப்படி.

மூணாம் நாள் காலையில வாசல்லயே குழந்தையைக் குளிப்பாட்டினா. கால் மேல போட்டுக்கிட்டு அவ தண்ணி ஊத்தற அழகைப் பாத்ததும் எனக்கு வாய் அடங்கலை. "ஏண்டி, புள்ளையைக் குளிப்பாட்டறியா, எருமையைக் கழுவறியா? தலையைத் தாங்கிப் புடிடி"ன்னுட்டேன். அவ சொம்பைக் கீழ வெச்சுட்டு, "நீயே வந்து ஊத்து. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னா. அவ்வளவு தான். எழுந்து போய் நான் ஊத்தினேன். அன்னிக்கு உள்ள போய்ப் படுத்தேன். மன்னிச்சேன்னு நான் சொல்லலை, மன்னிச்சுக்கோன்னு அவளும் சொல்லலை. யாரும் யாருக்கும் இறங்கி வரலை, காப்பு கட்டிட்டாங்க, நாங்க மாட்டிக்கிட்டோம், அவ்வளவு தான். மிச்ச நாளெல்லாம் சண்டை போட்டோம், சிரிச்சோம், பலாக்கொட்டை சுட்டுத் தின்னோம். பொன்னன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், பேச மாட்டார். செல்வி ரெண்டு ஆளுக்கும் சேத்துப் பேசிக்குவா. தினம் ஒரு தரம் உன்னைப் பத்திக் கேப்பா. "தம்பி இன்னும் கையை விட்டுட்டு தான் வண்டி ஓட்டறானா?"ன்னு ஒரு நாள் கேட்டா. ஆமான்னேன். "விழுந்து தொலைக்கப் போறான்"னு சொல்லிட்டு, அடுப்பு ஊதற சாக்குல கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

நீ நம்பியிருக்கற அந்த மஞ்சள் அம்பு விஷயமும் கேட்டுக்கோ. போன வருஷம் உங்க சங்கத்துக்காரங்க பெயின்ட் டப்பாவோட அங்க வந்தப்ப, வழி கீழ ஓடைக்கரையோட தான் போறதா இருந்ததாம். செல்வி தான் ஓடிப் போய் மறிச்சு, "மேட்டு வழியா வந்தா குடிக்க தண்ணி கிடைக்கும், சைக்கிள்ல வர்றவங்க களைச்சுப் போவாங்களே"ன்னு சொல்லி ஊருக்குள்ள திருப்பி விட்டிருக்கா. அவ வூட்டுக்கு எதிர்ப் பாறையில ஒரு அம்பு இருக்கு. மழை பேஞ்சா அவளே அதைத் தேய்ச்சுக் கழுவறாளாம். எதுக்குடி உனக்கு இந்த வேலைன்னு கேட்டேன். "வேலூர் சங்கம்னு சொன்னாங்கம்மா. தம்பி என்னைக்காவது அவங்களோட வருவான் இல்ல"ன்னா. ஆறு வருஷத்துல அவ உனக்குக் கடுதாசி போடலை, ஆள் அனுப்பலை, நியாயம் கேக்கலை. வழியை மட்டும் வாசலுக்குத் திருப்பி வெச்சிருக்கா. நீ அந்த ஒரு நாள் மட்டும் அம்பை விட்டு விலகிப் போறேங்கறே. எனக்கு வயிறு எரியுது, சேகரு.

உன் கடுதாசி வந்து ரெண்டு நாள் கழிச்சு, வியாழக்கிழமை, டயர் வாங்க திருப்பத்தூர் போனேன். டயர் வேலூர்லயே கிடைக்குமேன்னு கேக்காதே, சந்தைக்கு வர்ற செல்வியைப் பாக்கத் தான் போறது, உனக்கும் தெரியும். இந்த வருஷம் புதன்கிழமை சாயங்காலம் காப்புன்னு சொன்னா. உன் திட்டத்துல நீ கிளம்பறது செவ்வாய், மூணாம் நாள் வியாழன். எனக்கு உடனே புத்தி வேலை செஞ்சுது. மழை வரும் போலிருக்கு, ஒரு நாள் முன்னாடியே கிளம்புடா, புதூர்நாடு ரோடு இப்ப சரி பண்ணிட்டாங்கன்னு நான் எழுதினா நீ நம்புவே. புதன் சாயங்காலம் அந்த ஊருக்குள்ள நிப்பே, காப்பு கட்டுவாங்க, என்னை மாதிரியே மாட்டிக்குவே, ஒரு வாரத்துல எல்லாம் தானா சரியாய்டும்னு அவ கிட்ட சொன்னேன். அவ ஒத்துக்கலை. "வேணாம்மா. அவனை அடைச்சு வெச்சு சோறு போட எனக்கு இஷ்டமில்லை. துபாய் போக அவன் ஏற வேண்டிய பம்பாய் ரயிலும் தவறிடும். தெரிஞ்சு வரட்டும். வராட்டி போவட்டும், எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்"னா. சொல்லிட்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. அதனால தான் உள்ளது உள்ளபடி எழுதறேன். ரோடு சரி பண்ணலை. மழையும் வராது. நீ சொன்ன மாதிரி செவ்வாய்க்கிழமையே கிளம்பு. வியாழக்கிழமை நீ போறப்ப காப்பு கட்டி ஒரு நாள் ஆயிருக்கும். கட்டின பிறகு வர்ற விருந்தாளிக்கு எந்தக் கட்டும் கிடையாது. ராத்தங்கிட்டு காலையில போலாம், ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு அப்படியே போனாலும் மாரியம்மா கோபிக்க மாட்டா.

ஆனா எனக்குக் கட்டு உண்டு. பேத்தி நல்லா நடந்தா மாவிளக்கு போடறேன்னு அன்னிக்கே வேண்டிக்கிட்டேன், இப்ப ஓடவே ஓடறா. செவ்வாய்க்கிழமை காலையில நான் மேல போறேன், காப்புக்கு உள்ள தான் இருப்பேன், அடுத்த புதன் கம்பம் இறக்கினா தான் கீழ வருவேன். உனக்கு பம்பாய் ரயில் அதுக்கு முந்தின நாள் செவ்வாய். கணக்கு போட்டுப் பாத்துக்கோ, ரயிலேத்த நான் வர முடியாது. போறதுக்கு முன்னாடி என்னைப் பாக்கணும்னா அந்த ஊர்ல தான் பாக்கணும். மிரட்டறேன்னு நினைக்காதே. மிரட்டறேன் தான், ஆனா பொய் சொல்லி மிரட்டலை. மூணு வருஷம்னு நீ சுலபமா எழுதிட்டே. எனக்கு உன்னையும் அவளையும் ஒரே வூட்டுல ஒரு வேளை சாப்பிடப் பாக்கணும். வேற ஆசை ஒண்ணும் பாக்கி இல்லை.

செவ்வாய் ராத்திரி நீங்க இங்க வர்றப்ப வூடு பூட்டியிருக்கும். சாவி எதிர்த்த டீக்கடையில குடுத்துட்டுப் போறேன். அரிசி பானையில இருக்கு, எலுமிச்சை ஊறுகாய் மேல் பலகையில. கடைக்குள்ள போய் உங்கப்பா பெட்டியிலேர்ந்து ரெண்டு செட் பிரேக் கட்டை எடுத்துக்கோ, அது நல்ல ரப்பர், இப்பல்லாம் அப்படி வர்றதில்லை. விடிய கிளம்பறப்ப கொல்லைக் கதவைத் தாழ் போட மறக்காதே. வியாழக்கிழமை சாயங்காலம் உலை வெக்கறப்ப உனக்கும் உன் சிநேகிதங்க ரெண்டு பேருக்கும் சேத்தே சாமை போடச் சொல்லியிருக்கேன். தாளிச்சிருக்காது, உப்பும் உங்கக்கா கை கம்மி தான், குறை சொல்லாம சாப்பிடுங்க. நீ வரலைன்னா அது ஒண்ணும் வீணாகாது. தண்ணி ஊத்தி வெச்சு காலையில நானும் அவளும் குடிச்சுக்குவோம்.

அம்மா